பொழித் தகராறு: பேச்சு முறிவதற்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

"தென்னையில் குருத்து காய்கிறது, வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். மரத்தைப் பார்த்து, மருந்து சொல்லி முடித்ததும் குடிக்க மோர் வரும். மோரோடு இன்னொரு பேச்சும் வரும். "சார், அப்படியே அந்தப் பொழியையும் ஒரு பார்வை பாருங்க. போன வருசம் எவ்வளவு அகலம் இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க." வரப்பைத்தான் எங்கள் கொங்குப் பக்கத்தில் பொழி என்பார்கள். பூச்சி, நோய்க்கு அடுத்தபடியாக என் பணிக்காலத்தில் நான் அதிகம் கேட்டது பொழிப் பேச்சைத்தான். இந்த இதழுக்கு வரும் வாசகர் கேள்விகளிலும் பாதைத் தகராறு, மரத் தகராறு, தண்ணீர்த் தகராறு என்று மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

வேளாண்மை அலுவலருக்கு நிலத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. அது வருவாய்த் துறை, நில அளவைத் துறை, நீதிமன்றம் ஆகியவற்றின் வேலை. ஆனால், தகராறு எங்கே கிளம்புகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்கள் நாங்கள். நான் பார்த்த வரையில், பேராசை பிடித்து அடுத்தவன் நிலத்தைத் தின்றவர்கள் குறைவு. தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்த ஒன்று, பேரன் காலத்தில் யாருக்கும் நினைவில்லாமல் போவதுதான் அதிகம். நிலம் பங்காளி கையில் இருக்கும்வரை வாய்வார்த்தை செல்லும். வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டால், அவர் கையில் இருப்பது பத்திரம் மட்டும்தான். பத்திரத்தில் இல்லாத பாதை அவருக்குத் தெரிய நியாயமில்லை.

மரவள்ளி ஏற்ற லாரி வராத கதை

பவானி வட்டாரத்தில் ஒரு விவசாயி. தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவருக்கு மூன்று ஏக்கர். முன்பக்கம் சாலையை ஒட்டி இருந்தது பெரியப்பா மகனின் நிலம். நாற்பது வருடமாக அந்த நிலத்தின் கிழக்கு ஓரமாகத்தான் இவருடைய வண்டி போய்வந்தது. அண்ணன் நிலத்தை விற்றார். வாங்கியவர் நான்கு பக்கமும் கல் நட்டுக் கம்பி வேலி போட்டார். இவருடைய மரவள்ளி பிடுங்கும் பருவம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருக்க ஆரம்பித்துவிடும், ஆலைக்காரர் எடுக்கமாட்டார். பக்கத்துப் பொழி வழியாகத் தலைச்சுமையாகவே சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வருட லாபம் கூலியிலேயே போயிற்று.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்றார்கள். அது சரியான பதில்தான். பாதை யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்யக் காவல்துறைக்கு அதிகாரம் இல்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு பழைய காகிதம். அவர் பெயரில் இருந்த தானப் பத்திரத்தில் பாதை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால், அதற்கும் முந்தைய, அப்பாவும் பெரியப்பாவும் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்தது. பின்பாகத்துக்கு முன்பாகத்தின் கிழபுறம் பன்னிரண்டு அடி வண்டித்தடம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கினார். புதிதாக வாங்கியவரின் வக்கீல் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, வேலியைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டார். வழக்கு இல்லாமல் முடிந்தது.

இதனால்தான் பாதைக் கேள்வி கேட்கும் எல்லோரிடமும் முதலில் நான் கேட்பது, "தாய்ப்பத்திரத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான். உங்கள் பத்திரம் மட்டும் போதாது. நிலம் முதன்முதலில் எங்கே பிரிந்ததோ, அந்தப் பத்திரம் வேண்டும். அதில் "மாமூல் வழித்தட, வண்டித்தட பாத்தியம் உள்பட" என்ற ஒரு வரிக்கு லட்சக்கணக்கில் மதிப்பு உண்டு.

பத்திரத்தில் இல்லை என்றால்?

அப்போது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டத்துக்குப் போக வேண்டும். கோர்ட் பக்கம் 'ஈஸ்மென்ட் ரைட்' என்பது இதைத்தான். நூற்று நாற்பது வருடப் பழைய சட்டம். ஆனால், எழுதியவர்கள் வயல்காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் போலும். பாதை, வாய்க்கால், மழைநீர், மண்சரிவு எல்லாமே அதில் இருக்கிறது.

பாதை கேட்க அதில் இரண்டு வழிகள் முக்கியம். முதலாவது, அவசிய உரிமை. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்து, அதனால் உள்நிலத்துக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால், முன்நிலத்தின் வழியாகப் போக உரிமை உண்டு. வேறு வழியே இல்லை என்பதுதான் இங்கே உயிர். சுற்றுவழி இருக்கிறது, ஆனால் அரை மைல் அதிகம் என்றால் இது கிடைக்காது. எந்த ஓரமாக வழி விடுவது என்று முதலில் காட்டும் உரிமை முன்நிலத்துக்காரருக்கு. ஆனால், காட்டும் இடம் போய்வர நியாயமான வசதியோடு இருக்க வேண்டும். நாளைக்கே உங்களுக்கு வேறு பக்கம் சாலை வந்துவிட்டால், இந்த உரிமையும் முடிந்துவிடும்.

இரண்டாவது, நீண்டகால அனுபவ உரிமை. இருபது ஆண்டுகள், உரிமையோடு, ஒளிவுமறைவு இல்லாமல், தடையில்லாமல் போய்வந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் முப்பது ஆண்டுகள். இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. "அண்ணா, இந்த வழியா வண்டி ஓட்டிக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் "ஓட்டிக்க" என்று சொல்லிப் போய்வந்திருந்தால் அது அனுமதி, உரிமை ஆகாது. ஐம்பது வருடம் ஆனாலும் ஆகாது. நம் ஊரில் பாதிப் பாதைகள் இப்படி நல்ல மனதால் வந்தவைதான் என்பது இதில் உள்ள சங்கடம். இன்னொன்று, அந்த இருபது ஆண்டு அனுபவம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிய வேண்டும். பாதையை அடைத்த பிறகு, "பார்க்கலாம், பேசிக்கலாம்" என்று மூன்று நான்கு வருடம் கடத்திவிட்டுப் போனால் வக்கீலும் கையைப் பிசைவார்.

நெல் அறுவடை இயந்திரம் வந்த பிறகு புதிதாகக் கிளம்பியிருக்கும் தகராறு ஒன்று. நடந்துபோக இருக்கும் உரிமை, வண்டி ஓட்டும் உரிமை ஆகாது. சட்டத்தில் இது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றடி நடைபாதையில் இயந்திரத்தை இறக்கிவிட்டு, "முப்பது வருடமாக இதுதானே பாதை" என்று வாதாட முடியாது. அகலமாக வேண்டும் என்றால் பேசி, விலை கொடுத்து வாங்குவதே வழி.

பாதை பெற்றவருக்கும் கடமை உண்டு. பழுது பார்க்கும் செலவு அவருடையது. மண்கொட்டிச் சரிசெய்வது அவர் வேலை. மழைக்காலத்தில் டிராக்டர் சேற்றில் சிக்குகிறது என்று பக்கத்துப் பயிரில் ஏற்றி ஓட்டினால், நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு.

எல்லை: அளப்பதற்கு முன்

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு மீட்டர் நீளப் பொழி ஓர் அடி நகர்ந்தால், போவது சுமார் முப்பது சதுர மீட்டர், முக்கால் சென்ட். இதற்காக இரண்டு தலைமுறை வாய்தாவுக்கு நடந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் நகர்வது உண்மைதான். ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் பொழியின் பாதம் கொஞ்சம் சிதைகிறது. ஓட்டுகிறவர் வாடகை டிரைவர். அவருக்குக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதை நேரில் நின்று சொல்லியே நிறுத்தலாம்.

அளந்தே தீர வேண்டும் என்றால், முதலில் புலப்படத்தையும் அ-பதிவேட்டு நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட், நிலத்தில் 1 ஏக்கர் 16 சென்ட்தான் இருக்கிறது என்றால் உடனே பக்கத்துக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். சாலை அகலமாகியிருக்கலாம், வாய்க்கால் நகர்ந்திருக்கலாம், பழைய சங்கிலி அளவிலேயே வித்தியாசம் இருந்திருக்கலாம். அந்தச் சர்வே எண்ணின் மொத்தப் பரப்பே பத்திரங்களின் கூட்டுத்தொகையை விடக் குறைவாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் பரப்பளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால், பொதுவாக நீதிமன்றங்கள் நான்கெல்லையைத்தான் நம்பும்.

கூட்டுப் பட்டாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே உட்பிரிவு எண்ணில் ஆளுக்குப் பாதி அனுபவித்தால், உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள கோடு புலப்படத்திலேயே கிடையாது. நில அளவர் வந்தாலும் வெளி எல்லையைத்தான் காட்டுவார். முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், பாகப்பிரிவினை வழக்குதான் மிச்சம்.

மனு போட்டுக் கட்டணம் கட்டினால் அரசு நில அளவர் வருவார். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துத்தான் அளக்க வேண்டும். நீங்களாகக் கூட்டிவந்த தனியார் அளவர் போட்ட கோடு உங்கள் மனத்திருப்திக்கு உதவும், அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. என் துறை சார்ந்து ஒரு யோசனை: அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும் நாளைக் கேட்டு வாங்குங்கள். ஆளுயரக் கரும்புக்குள்ளும் மக்காச்சோளத்துக்குள்ளும் சங்கிலியை நேராக இழுக்க முடியாது. அப்படி அளந்த அளவில் மறுபடியும் சண்டை வரும்.

அளவு ஒப்பவில்லை என்றால் மறு அளவை கேட்கலாம். நில அளவைத் துறையில் மேல் அலுவலர்கள் இருக்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் நீதிமன்றம். எதைச் செய்தாலும் கல்லைப் பிடுங்காதீர்கள். அரசு நட்ட எல்லைக்கல்லை அகற்றுவதும் நகர்த்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைக்கு வழிவகுக்கும் குற்றம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், கல்லைப் பிடுங்கிய மறுநாள் நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர்.

பட்டாவே சொத்துரிமை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தால் முடிவு சொல்வது உரிமையியல் நீதிமன்றம். அங்கே பத்திரம், பட்டா, சிட்டா, பசலிவாரியான அடங்கல் எல்லாம் சேர்ந்துதான் பேசும். அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் நிலத்தின் ஒரு பகுதியை அடுத்தவர் தன்னுடையது என்று வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், மீட்பது பெரும்பாடு.

தண்ணீர்: வருவதும் போவதும்

"பக்கத்துக் காட்டுக்காரர் ஆயிரம் அடி போர் போட்டார், என் கிணறு வற்றிவிட்டது, தடுக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. தன் நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட ஓடைபோல ஓடாமல் பரவிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நிலத்துக்காரருக்கும் உரிமை உண்டு என்பதே வசதியுரிமைச் சட்டத்தின் நிலை. கிணறு வற்றியது என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தடுப்பது கடினம்.

மழைநீரில் கணக்கு வேறு. மேட்டு நிலத்தில் பெய்த மழை இயல்பாகத் தாழ்வான நிலத்துக்கு வடிவதைக் கீழ்நிலத்துக்காரர் மறிக்க முடியாது. கரை எழுப்பித் தடுத்து மேல்காட்டு மஞ்சளை அழுகவிட்டால் அது அவர் தவறு. அதேபோல, இயல்பாகப் பரவி வடிந்த நீரை மேல்காட்டுக்காரர் ஒரே குழாயில் திரட்டிக் கீழ்க்காட்டின் ஒரு மூலையில் பாய்ச்சி அரிப்பு உண்டாக்கினால் அது இவர் தவறு. சொட்டுநீருக்காக நிலத்தைச் சமன்படுத்துபவர்கள் வடிகாலை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பண்ணைக்குட்டை வெட்டுபவர்களும் கவனிக்க வேண்டும். பக்கத்து நிலத்து மண்ணுக்கு உங்கள் மண் இயற்கையாகக் கொடுக்கும் தாங்கலை எடுத்துவிட உங்களுக்கு உரிமை இல்லை. எல்லையை ஒட்டிச் செங்குத்தாக வெட்டி, முதல் மழையில் அவருடைய பொழி சரிந்தால் நஷ்டஈடு கேட்க அவருக்கு வழி உண்டு. எல்லையிலிருந்து தள்ளி, சரிவு விட்டு வெட்டுங்கள்.

பொதுக் கிணறு தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி, மோட்டார் யாருடையது, தூர் வாரும் செலவு எப்படி, கிணற்றுக்குப் போகும் தடம் எது, குழாய் யார் நிலத்தின் அடியில் போகிறது என்பதையும் எழுதுங்கள்.

மரம், மாடு, மருந்து

எல்லை ஓரம் இத்தனை அடி தள்ளித்தான் மரம் வைக்க வேண்டும் என்று எல்லா நிலத்துக்கும் பொதுவான சட்டம் ஏதும் இல்லை. ஆனால், தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி விடச் சொல்கிறோம். அதில் பாதியை, பன்னிரண்டு பதின்மூன்று அடியை, எல்லையிலிருந்து விட்டால் மட்டை அவரவர் நிலத்துக்குள்ளேயே நிற்கும். உங்கள் நிலத்துக்கு மேல் நீண்ட கிளையை, அவர் நிலத்துக்குள் கால் வைக்காமல், எல்லைவரை நீங்கள் வெட்டலாம். முதலில் அவரிடம் சொல்லுங்கள். வெட்டும் உரிமை, காயை எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகாது. வேர் வந்து உரத்தைத் தின்கிறது என்றால், உங்கள் பக்கம் இரண்டு மூன்றடி ஆழத்தில் பள்ளம் எடுத்து வேரைத் துண்டிக்கலாம். மரம் சாயும் அளவுக்கு அடிமரத்தை ஒட்டி எடுக்க வேண்டாம். சாய்ந்து வீட்டின்மேல் விழும் நிலையில் உள்ள மரத்துக்கு கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பாதை, தண்ணீர்த் தகராறு அடிதடியாகும் நிலை வந்தாலும் அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவில் அவர் தலையிடலாம்.

மாடு மேய்ந்தால் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பலாம் என்பது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது எத்தனை ஊரில் பவுண்டு இருக்கிறது என்பது வேறு விஷயம். மாட்டை அடிக்கவோ, கட்டிவைத்துப் பட்டினி போடவோ உரிமை இல்லை. மின்வாரிய மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம். பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செத்த ஊர்கள் உண்டு.

களைக்கொல்லி விஷயத்தில் நாங்களும் சாட்சியாக வர முடியும். மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடிக்கிறார்கள். காற்று பக்கத்துப் பருத்தி மேல் அடிக்கிறது. சில நாட்களில் பருத்தி இலை வெண்டை இலைபோல விரல் விரலாகக் குறுகிவிடும். பருத்தி, தக்காளி, திராட்சை மூன்றும் இந்த மருந்துக்கு மிகவும் மென்மையானவை. அடித்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றாலும், கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அன்றைக்கே அவரிடம் சொல்லி, இலையைப் படம் எடுத்து, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று குறித்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். நாங்கள் வயலைப் பார்த்து எழுதும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. பதினைந்து நாள் கழித்து வந்தால், அது மருந்தா, வைரஸ் நோயா, சத்துக்குறைவா என்ற வாதத்தில் மாட்டிக்கொள்வோம்.

எழுதி வைப்பது எப்படி?

பேச்சுவார்த்தை இருக்கும்போதே எழுதுவதுதான் எளிது. முறிந்த பிறகு கையெழுத்து வாங்க முடியாது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தால் நிலத்தை நாளை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து உரிமை எதுவும் பதிவு செய்யப்பட வேண்டும். பாதை என்றால் சர்வே எண், எந்த ஓரம், எத்தனை அடி அகலம், எங்கிருந்து எங்கே, நடக்கவா, டிராக்டருக்கா, லாரிக்கா, அடியில் குழாய் போடலாமா, பழுது யார் பார்ப்பது என்று எழுதி, கைவரைபடம் ஒன்றை இணைத்து, இருவரும் அதிலும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்து வில்லங்கம் போடுகிறவர் கண்ணில் அது படும். பதிவுச் செலவைப் பாதை பெறுபவர் ஏற்பது வழக்கம்.

வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு வாசல் இருக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுத்து எதிர்த்தரப்பை அழைக்கச் சொல்லலாம். மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கை அங்கே முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். போகும்போது தாய்ப்பத்திர நகல், புலப்படம், அடங்கல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.